வலப்பக்கத்துக் கடையாணி

படகின் வலப்பக்கத்து மிதவையைத் தாங்கும் கையின் அடியில் ஏதோ தட்டிக்கொண்டே வந்தது. அலை தட்டும் ஓசை டெல்பினுக்குத் தெரியும், அலை ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கொஞ்சம் தயங்கித்தான் அடுத்ததைத் தட்டும்; இது தயக்கமே இல்லாமல், சின்னதாக, காய்ந்த ஓசையாக, விரல் கணுவால் யாரோ கதவைத் தட்டுவதுபோலத் தட்டியது. கயிற்றில் தொங்கும் இரும்புதான் இப்படித் தட்டும். இந்தப் படகில் கயிற்றில் கட்டிய இரும்பு இரண்டே இரண்டு, இடப்பக்கத்துக் கடையாணி, வலப்பக்கத்துக் கடையாணி. துளைக்குள் இறங்கிவிட்டால் இரண்டும் தொங்காது. அவள் முன்பாயின் கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்தபடியே, கழுத்துச் சுளுக்கை நீவிவிடுகிறவள் மாதிரி தலையைச் சாய்த்து, வலப்பக்கத்துக் கைக்கு அடியில் பார்த்தாள். ஆணி தொங்கியது. துளை காலியாக இருந்தது. அதன் வழியாகக் கடல் தெரிந்தது, நாலணா அகலக் கடல், பச்சையாக, ஓடிக்கொண்டே. பார்த்ததும் அவள் செய்த முதல் காரியம் அக்காவின் முகத்தைப் பார்த்ததுதான். மெலிட்டா சுக்கான் பிடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு பாயின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கவில்லை. கேட்கவுமில்லை. டெல்பின் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நெஞ்சு அடித்துக்கொண்டது, ஆனால் பயத்தால் அல்லவே, பயம் இன்னும் வரவில்லையே, இது வேறு, பள்ளிக்கூடத்தில் விடைத்தாளைக் கசக்கிப் பைக்குள் போட்டுக்கொண்ட பிள்ளையின் நெஞ்சு.

வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகும் அவள் மனம் மூன்றாம் வகுப்பை விட்டு வரவில்லை. எதையும் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல அடுக்கிச் சொன்னால்தான் அடங்கும். சரி, கவனியுங்கள். நடுவில் ஒரு படகு. இரண்டு பக்கமும் இரண்டு மெல்லிய மிதவைகள். மிதவைகளை நடுப்படகோடு சேர்ப்பவை கைகள். கைகளில் கீல் இருக்கிறது; மேலே மடக்கினால் படகு நனைந்த காகம்போல ஒடுங்கி ஜீப்புக்குப் பின்னால் இழுவண்டியில் ஏறிவிடும், விரித்தால் கடலில் ஓடும். விரித்த கை மறுபடி மடங்காமல் இருக்க என்ன வேண்டும்? கடையாணி, டீச்சர். நல்லது. காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறதோ அந்தப் பக்கத்து மிதவை லேசாகித் தண்ணீரை விட்டு எழும், அதற்குக் கடையாணி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். எதிர்ப்பக்கத்து மிதவையோ தண்ணீரில் அழுந்தும், தண்ணீர் அதை மேலே தள்ளும், படகின் மொத்த பாரமும் அந்த ஓர் ஆணியில் வந்து நிற்கும். இப்போது மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று வலப்பக்கமிருந்து அடிக்கிறது. வலப்பக்கத்து மிதவை காற்றில் மிதந்தபடி விளையாட்டாக வருகிறது. ஆணி தட்டுகிறது. ஒன்றும் ஆகாது. கரைக்குப் போவதற்காகப் படகைத் திருப்பும்வரை ஒன்றும் ஆகாது. திருப்பினால் காற்று இடப்பக்கத்துக்குப் போகும். வலப்பக்கத்துக் கை புத்தகத்தை மூடுவதுபோல மூடிக்கொள்ளும். மூன்று உடல் படகு கவிழ்ந்தால் தானாக நிமிராது, மல்லாத்திப் போட்ட ஆமைதான், கச்சான் அதைக் கரையிலிருந்து விலக்கி, இலங்கைப் பக்கமாக, நிதானமாகத் தள்ளிக்கொண்டு போகும். பின்னால் மாட்டும் சின்ன எஞ்சின் வீட்டுக் கொட்டகையில் கிடக்கிறது. அதை மாட்டிக்கொண்டு வந்தால் பாய் ஓட்டுகிறோம் என்று சொல்ல அக்காவுக்கு வெட்கமாக இருக்கிறதாம். புரிந்ததா பிள்ளைகளே? புரிந்தது டீச்சர். அப்படியானால் டீச்சர் இப்போது என்ன செய்ய வேண்டும்? வாயைத் திறந்து சொல்ல வேண்டும் டீச்சர். ஒருவர் கையைத் தூக்கிப் பிடிக்க இன்னொருவர் ஆணியைத் தள்ளினால் முடிந்தது. தனி ஆளால் முடியாது. சொல்லத்தான் வேண்டும்.

சொன்னால் அது கதையாகிவிடும். அதுதான். அக்கா வீட்டு மேசை, ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வருகிறவர்கள் எல்லாம் உட்காரும் நீள மேசை, அதில் டெல்பினைப் பற்றிய கதைகள் மட்டும் கறியைப் போலச் சுடவைத்துச் சுடவைத்துப் பரிமாறப்படும். அம்மாவின் சவப்பெட்டிமேல் வைக்கவேண்டிய மாலையை அவள் வீட்டு ஃப்ரிட்ஜிலேயே விட்டுவிட்டுக் கல்லறைக்கு வந்த கதை. புருஷன் வீட்டை விட்டுப் போன அன்று அவனுக்கு வழிச்சோறு கட்டிக் கொடுத்த கதை. எல்லாவற்றுக்கும் மேலே வாளிக் கதை. குளியலறையில் சோப்புத் தண்ணீர், டெல்பின் வழுக்குகிறாள், விழும்போது கொக்கியில் தொங்கிய தகர வாளியைப் பிடிக்கிறாள், வாளி கழன்று தலையில் கவிழ்ந்துகொள்கிறது, உள்ளேயிருந்து குரல் வருகிறது. அந்தக் குரலுக்காக அக்கா மேசைமேல் இருக்கும் குழம்புச் சட்டி மூடியை எடுத்து வாய்க்கு நேரே பிடித்துக்கொள்வாள். "அக்கா... அக்கா..." கிணற்றிலிருந்து வருவதுபோல வரும். பிள்ளைகள் புரண்டு சிரிக்கும். வாளியைப் பிடுங்கி எடுப்பதோடு அக்காவின் கதை முடிந்துவிடும். அது ஏழாவது மாதம் என்பது அந்தக் கதையில் கிடையாது. அதற்குப் பிறகு தரையில் தண்ணீரோடு கலந்தது கிடையாது. வெள்ளைத் துணியில் சுற்றிய, கண் திறக்காத, மூக்கு முழுசாக வந்திருந்த ஒன்று கிடையாது. கேட்பவர்கள் யாருக்கும் தெரியாது, தெரியாததால் சிரிக்கிறார்கள், அவர்களோடு டெல்பினும் சிரிப்பாள், கேட்டுக் கேட்டு அவளுக்கும் எந்த இடத்தில் சிரிக்கவேண்டும் என்று பழகிவிட்டது. இன்று காலையிலும் அப்படித்தான். இழுவண்டியிலிருந்து படகைத் தண்ணீரில் இறக்க உதவிய வலைக்காரர் ஒருவர், "அம்மா ரெண்டு பேரும் அக்கா தங்கச்சியா?" என்று கேட்டுவிட்டார். போதாதா? இடப்பக்கத்துக் கடையாணியைத் தள்ளிவிட்டு மெலிட்டா வலப்பக்கம் நடந்தபோது வாளி ஆரம்பித்துவிட்டது. கையை விரித்தாள். ஆணியை எடுத்தாள். குரல் வந்த இடத்தில் இரண்டு கையும் வாய்க்குப் போயிற்று, ஆணி கையிலிருந்து நழுவிக் கயிற்றில் தொங்கியிருக்க வேண்டும். வலைக்காரர் தோளில் துண்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ரெய்னால்ட் அத்தான் உயிரோடு இருந்தபோது போட்ட சட்டம் ஒன்று இந்தப் படகுக்கு உண்டு. ஆணி போடுகிறவர் சரிபார்க்கக் கூடாது, போட்ட கண்ணுக்குப் போடாததும் போட்டதாகத்தான் தெரியும். இன்னொருவர் தொட்டுப் பார்த்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மெலிட்டா போடுகிறவள், டெல்பின் தொடுகிறவள். "பாத்தியாளா?" என்று அக்கா கேட்டாள். டெல்பின் சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணில் நீர் தளும்பி எதுவும் தெரியாத அளவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள். "பாத்தாச்சு" என்றாள்.

"ஏளா, தூங்குதியா? திருப்பப் போறேன். தயாரா?" மெலிட்டாவின் குரல். எதிரே தெற்கில் பார் தெரிந்தது, கடலுக்கடியில் கிடக்கும் கல்மேடு, அதன்மேல் அலை உடைந்து வெள்ளையாகப் பொங்கிக்கொண்டிருந்தது. அதற்குமேல் போக முடியாது, போனால் அடிப்பலகை கிழியும். இப்போது சொல். அக்கா, ஆணி. இரண்டே சொல். டெல்பின் வாயைத் திறந்தாள். "தயார்" என்றாள். சுக்கான் திரும்பியது, அணியம், படகின் மூக்கு, காற்றை நோக்கிச் சுழன்றது, பாய்கள் படபடவென்று அடித்துக்கொண்டன. இந்தப் படகின் குணம் அவளுக்கு மனப்பாடம். பாரமில்லாத படகு, ஓடும்வரைதான் ஓடும், காற்றுக்கு நேர் எதிரே வந்ததும் மூச்சுவிட மறந்து நின்றுவிடும். அந்த நொடியில் முன்பாயின் கயிற்றை விடாமல் பழைய பக்கத்திலேயே இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். காற்று பாயின் முதுகில் அறைந்து அணியத்தை மறுபக்கம் தள்ளும், தள்ளி முடித்த பிறகுதான் விட வேண்டும். பிடி, பிடி, பிடி என்று அத்தான் எண்ணுவார். டெல்பின் விட்டுவிட்டாள். கையே விட்டுவிட்டது. கயிறு உள்ளங்கையைச் சூடாக உரசிக்கொண்டு ஓடியது. படகு நின்றது, தடுமாறியது, பின்பக்கமாக நகர ஆரம்பித்தது, மெலிட்டா சுக்கானை எதிர்த்திசையில் ஒடித்துப் பிடித்து அதைப் பழைய வழிக்கே விழவிட்டாள். காற்று மறுபடியும் வலப்பக்கம். ஆணி மறுபடியும் தட்டியது. "கயித்த எதுக்குளா விட்ட? முன்பாய் மூக்கைத் தள்ளுற வரைக்கும் பிடிச்சுக்கிட்டே இருக்கணும்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்? சின்னப் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக் குடுத்து உன் மூளையும் அங்கனயே நின்னுட்டு." டெல்பின், "கை வழுக்கிட்டுக்கா" என்றாள். "வழுக்கும். உனக்கு எதுதான் வழுக்கல?" என்றாள் மெலிட்டா. சொன்ன பிறகு அவளுக்கே அது பிடித்துப்போய்ச் சிரித்தாள், அந்தச் சிரிப்பில் டெல்பின் அடுத்த ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்தாள், மேசையைப் பார்த்தாள், அக்கா சட்டி மூடியைச் சுக்கான்போலப் பிடித்துக்கொண்டிருப்பதையும் பார்த்தாள்.

ஆக, கதைக்குப் பயந்து சொல்லாமல் இருந்ததற்கே ஒரு கதை பிறந்துவிட்டது. அப்படியென்றால் சொல்லிவிடலாமே. சொல்லலாம். எப்படிச் சொல்வது என்றுதான். நீ ஆணியைப் போடலை என்று சொல்ல முடியாது, அக்கா எதையும் போடாமல் விட்டதாகச் சரித்திரம் இல்லை. நான் பார்க்காமலே பார்த்தேன்னு சொல்லிட்டேன் என்று சொல்லலாம், அது உண்மையும்கூட, ஆனால் ஏன் பார்க்கவில்லை என்ற கேள்வி வரும், ஏனென்றால் நீ வாளிக் கதை சொல்லிக்கொண்டிருந்தாய் என்று பதில் வரும், அந்தப் பதிலுக்குப் பின்னால் வேறு ஒன்று வரும், வரிசையாக வரும், கிணற்றிலிருந்து கயிறு வருவதுபோல வந்துகொண்டே இருக்கும், கடைசியில் என்ன தொங்கும் என்று அவளுக்குத் தெரியும். மூக்கு முழுசாக இருந்தது. யார் ஜாடை என்று சொல்ல அந்த மூக்கு போதும். அப்போது ஆஸ்பத்திரியில் பக்கத்தில் இருந்தது யார்? மெலிட்டாதான். துணி அலசியது மெலிட்டா. கஞ்சி ஊட்டியது மெலிட்டா. பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு கல்லறைக்குப் போனதும் மெலிட்டா, புருஷன்காரன் வாசலில் சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றான். அதனால்தான் எதுவும் சொல்ல முடியாமல் போயிற்று. ஒருமுறை கேட்டாள்தான், அந்தக் கதையை விட்டுரேன்க்கா என்று, பாத்திரம் கழுவிக்கொண்டே, முதுகைக் காட்டிக்கொண்டு. "சிரிச்சாத்தான்ளா மறக்கும்" என்றாள் அக்கா, அன்பாக, தலையைத் தடவி. அந்தக் கையின் ஈரம் இப்போதும் உச்சந்தலையில் இருக்கிறது. யார் மறக்க? தட்டுகிறது. வெயில் ஏறிவிட்டது, உதட்டில் உப்பு வெடிக்கிறது, மிதவை உடுப்பின் வார் கழுத்தை அறுக்கிறது. மெலிட்டா உடுப்புப் போடவில்லை, அது இட்லிப் பானைக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கிறதாம், அதை மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். நான் போட்டிருக்கிறேன், அவள் போடவில்லை. இது வெறும் உண்மை, கணக்கில் கொடுக்கப்பட்டவை என்று மேலே எழுதுவோமே அதுபோல, இதில் நினைப்பு ஒன்றும் இல்லை. அக்கா நீச்சலில் கெட்டி. போன வருஷம்வரை கெட்டி. முட்டி போன பிறகு படியிறங்கவே சுவரைப் பிடிக்கிறாள். சீ, என்ன கணக்கு இது. அருள் நிறைந்த மரியே. தட்டுகிறது. இரண்டே சொல்தானே.

இரண்டாவது தடவை திருப்பியபோது அவள் சொல்லிவிடுவதாகத்தான் இருந்தாள். "தயாரா?" என்றதும் மூச்சை இழுத்தாள், "அக்கா" வரைக்கும் வந்தது, "என்ன அக்கா நொக்கா, கயித்தப் பாரு" என்று பதில் வந்தது, அதற்குள் அணியம் காற்றுக்குள் போய்விட்டது. டெல்பின் கயிற்றை விட்டாள். இந்தத் தடவை கையின்மேல் பழிபோட முடியாது, அவளேதான் விட்டாள். படகு நின்று, பின்வாங்கி, பழைய வழியிலேயே விழுந்தது. பார் பக்கத்தில் வந்துவிட்டது. அலை உடையும் ஓசை காதில் விழுந்தது, தண்ணீரின் நிறம் மாறி அடியில் பழுப்பாகக் கல் தெரிந்தது. மெலிட்டா கத்தவில்லை. பாயைத் தளர்த்திப் படகை ஊர்ந்துபோகும்படி செய்துவிட்டு எழுந்தாள். "இங்கன வந்து சுக்கானைப் பிடி. அதுக்காவது லாயக்கான்னு பாக்கேன். முன்பாயை நானே பிடிச்சுக்கிடுதேன்." இருவரும் குனிந்தபடி இடம் மாறினார்கள், மெலிட்டா தங்கையின் தலையைப் பிடித்துக்கொண்டுதான் நகர்ந்தாள். முன்பாயின் இரண்டு கயிறுகளையும் வாரிக்கொண்டு வலப்பக்கம் நடுப்படகுக்கும் மிதவைக்கும் நடுவே கட்டியிருக்கும் வலையில் போய் உட்கார்ந்தாள், முட்டியை இரண்டு கையாலும் தூக்கி நீட்டி வைத்தாள். "திரும்பினப்புறம் நீ இடப்பக்கம் வரணும்லாக்கா, பாரம் காத்து வார பக்கம்ல வேணும்" என்றாள் டெல்பின். "இந்த முட்டிய வச்சுக்கிட்டு நான் குரங்கு மாதிரி தாவணுமோ? இங்கனயே இருக்கேன். நீ உன் வேலையப் பாரு."

அப்போது சொன்னாள். எப்படி வந்தது என்று தெரியவில்லை, சுக்கான் பிடியின் வழவழப்பு உள்ளங்கைக்குள் வந்ததும் வாய் தானாகத் திறந்தது. "அக்கா, நீ உக்காந்திருக்க பக்கத்துக் கடையாணி போடல. தொங்குது." மெலிட்டா கயிற்றை இழுத்து முடிந்துகொண்டே, "எது?" என்றாள். "வலப்பக்கத்து ஆணி. கைக்கு அடியில தொங்குது, குனிஞ்சு பாரு." மெலிட்டா குனியவில்லை. தங்கையைப் பார்த்தாள், விடைத்தாளைத் திருத்துகிறவளின் பார்வை. "நான் போட்டேன்." "போடலக்கா." "நான் போட்டேன். நீயும் பாத்தாச்சுன்னு சொன்ன." "சொன்னேன். பாக்கல." "அப்ப காலைல சொன்னது பொய்யா, இப்பச் சொல்லுதது பொய்யா? ரெண்டுல ஒண்ணச் சொல்லு." "காலைல சொன்னதுதான் பொய்." "ரெண்டு தடவ கயித்த விட்டுட்டு, இப்ப ஆணி மேல பழியத் தூக்கிப் போடுத. அதுவும் நான் போட்ட ஆணி." "ஒரு தடவ குனிஞ்சு பாருக்கா. தட்டுதது கேக்கலையா?" "கேக்கு. உன் பல்லு தட்டுது." அக்காவின் முகம் மெல்ல மலர்ந்தது, டெல்பினுக்கு அந்த மலர்ச்சி தெரியும், அது வருவதற்கு முன்னாலேயே தெரியும். மெலிட்டா இரண்டு கையையும் குவித்து வாய்க்கு நேரே வைத்தாள். "அக்கா... அக்கா... ஆணி தொங்குதூ..." கிணற்றிலிருந்து வந்தது குரல். வாளிக்குள்ளிருந்து வந்தது. தகரத்தின் வாசம்கூட வந்தது, ஈரத் தகரம், சோப்பு, அதற்கு அடியில் இன்னொரு வாசம். மெலிட்டா சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமை இருக்குளா உனக்கு. சரி, பார் வந்துட்டு, வேகம் எடுத்துத் திருப்பு." டெல்பின் சொல்லியாயிற்று. மறுபடி சொல்லவில்லை.

இனி நினைக்க ஒன்றும் இல்லை என்பது எவ்வளவு பெரிய ஓய்வு. அக்கா விட்டுப்போன மிதவை உடுப்பு காலடியில் கிடந்தது. வழுக்காமல் இருப்பதற்காக அதன்மேல் குதிகாலை ஊன்றிக்கொண்டாள். முதலில் வேகம். வேகம் இல்லாமல் இந்தப் படகைத் திருப்ப நினைப்பவன் முட்டாள் என்பார் அத்தான். அணியத்தைக் காற்றிலிருந்து கொஞ்சம் விலக்கினாள், பெரிய பாயைச் சற்றுத் தளர்த்தினாள், படகு சட்டென்று காது நிமிர்த்திய குதிரையாக ஓட ஆரம்பித்தது, இடப்பக்கத்து மிதவை தண்ணீரைக் கத்திபோலக் கிழித்தது, அதன் ஆணி இருக்கிறது, அதை அவள் காலையில் தொட்டுப் பார்த்தாள். பாயை மெல்ல இழுத்து இறுக்கினாள். "தயாரா அக்கா?" என்று கேட்டாள். கேட்க வேண்டும், அதுதான் முறை. "தயார்தான், திருப்பு" என்றாள் மெலிட்டா. டெல்பின் சுக்கானைத் தள்ளினாள். வெடுக்கென்று தள்ளினால் சுக்கானே தடையாகிவிடும், ஆகவே தூங்கும் குழந்தையை மறுபக்கம் புரட்டுவதுபோல, முதலில் கொஞ்சம், பிறகு கொஞ்சம். அணியம் சுழன்றது. பாய் படபடத்தது. காற்றுக்கு நேர் எதிரே வந்த அந்த நொடியில் படகு நிற்கப் பார்த்தது, நிற்கவில்லை, சேர்த்துவைத்த வேகம் அதைக் கொண்டுபோனது. மெலிட்டா முன்பாயை விடாமல் பிடித்திருந்தாள், அவள் கை பிசகாது, காற்று பாயின் முதுகில் அறைந்து அணியத்தை மறுபக்கம் தள்ளியது. "ஆ! இதுதான்ளா திருப்புறது!" என்று கத்தினாள் மெலிட்டா, பழைய கயிற்றை விட்டுவிட்டுப் புதுக்கயிற்றைக் கை மாற்றிக் கை மாற்றி இழுத்தபடி, முகமெல்லாம் தண்ணீர் தெறிக்க, உண்மையான சந்தோஷத்தோடு. "இத்தன நாளும் இந்தக் கைய எங்கனளா ஒளிச்சு வச்சிருந்த? ஒங்க அத்தான்கூட இப்பிடித் திருப்புனதில்ல!" பெரிய பாய் தலைக்கு மேலே கடந்து போனது. கரை, கோவில் கோபுரம், உப்பளத்து வெள்ளைக் குவியல்கள் எல்லாம் வரிசையாகத் தங்கள் இடத்துக்கு வந்து நின்றன. டெல்பினின் இடக்கன்னத்தில் காற்று பட்டது. பாய் காற்றை வாங்கி வயிறு புடைத்தது. அக்கா உட்கார்ந்திருந்த பக்கம் தண்ணீரை நோக்கித் தாழத் தொடங்கியது. டெல்பின் சுக்கானை நடுவுக்குக் கொண்டுவந்தாள். அங்கேயே, ஆடாமல் பிடித்துக்கொண்டாள்.